ஹீட்டருக்கு உறுதி எங்கே?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன், அதற்கு மேலே எழுதியிருப்பதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு உறுதி அங்கிள்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நீங்களும் நானும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தவர்கள். ஃபோனுக்கு, டிவிக்கு, வேலைக்கு, சிலர் கல்யாணத்துக்கும் அப்படித்தான். அவர் ஒருவர்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தார். படித்த பாவத்துக்குத்தான் அந்த மனிதரைப் படாதபாடு படுத்தினார்கள்.

சிட்னி நார்த்மீட்டில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோன முதல் வாரம் வேலியோரமாக ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் தலையில் கம்பளிக் குல்லாவும் இடுப்பில் சாரமுமாக ஒரு பெரியவர் குப்பைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை.

"தம்பி, இந்த வேலி ஆற்றை?" என்றார்.

யாருடையது என்று கேட்கிறார் என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு ஏஜென்ட் சொன்னாருங்க."

"சொன்னவரோ, எழுதித் தந்தவரோ?"

நான் விழித்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். "உறுதியா வர்றேன் அங்கிள்" என்றேன். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் என் மேல் தெறித்தது.

"வாறதுக்கு ஒருத்தரும் உறுதி எழுதுறேல்லை தம்பி!"

தஞ்சாவூர்க்காரனான எனக்கு உறுதி என்றால் நிச்சயம். யாழ்ப்பாணத்துக்காரரான அவருக்கு உறுதி என்றால் பத்திரம். நாம் வீட்டுப் பத்திரம், கிரயப் பத்திரம் என்று சொல்வதையெல்லாம் அவர்கள் உறுதி என்கிறார்கள். அங்கே அவர் ஒரு நொத்தாரிசிடம், அதாவது நோட்டரி வக்கீலிடம், உறுதி எழுதும் எழுத்தராக இருந்தவர். இங்கே வந்து செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றார். பெட்டி அடுக்கிய கை எழுத்தை மறக்கவில்லை. எந்தப் பொருளைக் கண்டாலும் "இதுக்கு உறுதி எங்க?" என்று கேட்பார். தெருவில் உள்ள தமிழர்கள் எல்லோரும் அவரை உறுதி அங்கிள் என்றே அழைத்தோம்.

எங்கள் வீட்டு ஏணியை இரவல் வாங்க வந்தால் முதலில் ஒரு பிரகடனம் இருக்கும். "ஏணி உம்மட. ஆட்சி மட்டும் என்ர. அதுவும் பின்னேரம் வரைக்கும்." அவர் வீட்டு எலுமிச்சை மரத்தின் கொப்பு ஒன்று எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கும் சட்டம் வைத்திருந்தார். "விழுந்த காய் உம்மட. மரத்தில நிக்கிற காய் என்ர. காத்தடிச்சால் அது கடவுள்ர முடிவு." என் மனைவி ரசம் வைக்கும் நாட்களில் காற்றுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்படிப்பட்ட மனிதர் வாங்கினார் பாருங்கள், இணையத்தோடு இணைந்த ஒரு ஹீட்டர்!

வாங்கியதற்குக் காரணம் அவர் மனைவி பாக்கியம். ஆன்ட்டி என்பதை அவர்கள் சொல்கிறபடி அன்ரி. பழகிப்போய் நானும் அப்படியே அழைத்தேன். அன்ரிக்கு எப்போதும் குளிர் ஆகாது. வீடு முழுவதும் கூரை வழியாகச் சூடு வரும்படி ஓர் ஏற்பாடு, வெளியே ஒரு பெரிய பெட்டி, உள்ளே சுவரில் ஒரு கண்ணாடித் திரை. அதில் குமிழ் கிடையாது, விசை கிடையாது. எல்லாம் ஃபோனில் இருக்கும் ஆப் வழியாகத்தான். ஆப் எங்கேயோ இருக்கும் கம்பெனியைக் கேட்கும், கம்பெனி சரி என்றால் ஹீட்டர் எரியும்.

பொருத்த வந்தவர் நல்ல மனிதர். பதிவு செய்ய வேண்டும் என்று லைசென்ஸை வாங்கினார். அதில் 'கந்தையா சிவலிங்கம்' என்று இருந்தது. கந்தையா அப்பா, சிவலிங்கம் பிள்ளை. ஆனால் இந்த நாட்டில் முதலில் நிற்பதுதான் ஆளின் பெயர், பின்னால் நிற்பது குடும்பத்தின் பெயர். அவர் 'கந்தையா' என்று தட்டிவிட்டு, கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இது நமக்குப் புதிதல்ல. என் பெயர் செந்தில். என் அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. பாஸ்போர்ட்டில் விழுந்த குளறுபடியால் அங்கே நான் ராமசாமி. செல்லமாக ராம்ஸ். என் அப்பா தஞ்சாவூரில் பேரனுக்கு ஃபோன் செய்யவே கூச்சப்படுகிற மனிதர். சிட்னியில் எல்லா மீட்டிங்கிலும் அவரைத்தான் திட்டுகிறார்கள். கூப்பிட்டால் நானும் எழுந்து நின்று "எஸ்" என்பேன். நம்மில் பாதிப்பேர் இந்த நாட்டில் அப்பா பெயரில்தான் குப்பை கொட்டுகிறோம்.

உறுதி அங்கிளால் அது முடியவில்லை. காலையில் ஹீட்டர் எழுந்ததும் சுவர் பேசும்: "குட் மார்னிங், கந்தையா!" அங்கிள் குசினி அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பார். "அப்பா இல்லை. மகன் நிக்கிறன்." அன்ரிக்கு வேறு சங்கடம். அவர் ஆயுசில் மாமனார் பெயரை வாயால் சொன்னதில்லை. சுவரே சொல்ல ஆரம்பித்ததும், முதல் சில நாட்கள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு எழுந்தாராம்.

அடுத்த குளிர்காலத்தில் கம்பெனி நிபந்தனைகளைப் புதுப்பித்தது. திரையில் பொடி எழுத்தாகப் பக்கம் பக்கமாக ஓடியது. கீழே 'சம்மதிக்கிறேன்'. அதை அழுத்தும் வரை ஹீட்டர் எரியாது. அங்கிள் கதிரையை இழுத்துச் சுவரோரம் போட்டார். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை அணைந்து, மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விடும். அவர் தேத்தண்ணி குடிக்க எழுந்தால் முதல் பக்கம். தும்மினால் முதல் பக்கம். கடைசியில் அன்ரியை விரலால் திரையைத் தடவிக்கொண்டே நிற்கச் சொன்னார். நான் போனபோது வீட்டுக்குள் மூச்சு புகையாக வந்தது. அன்ரி இரண்டு ஸ்வெட்டரோடு ஒரு விரலைச் சுவரில் வைத்து நிற்கிறார்.

"பாக்கியம், கையை எடாதையும்! இப்பதான் முக்கியமான பந்தி வருது."

"நீங்கள் வாசிச்சு முடிக்க நான் விறைச்சுப்போயிடுவன். தம்பி, நீங்களாவது சொல்லுங்கோ."

முக்கியமான பந்தி, நம் ஊர்ப் பத்தி, வந்தது. பெட்டி வாங்கியவருக்குச் சொந்தம். பெட்டிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே உண்டு. அந்த அனுமதியைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம். அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வீடு எனக்கு, பூட்டும் திறப்பும் அவங்களுக்கு. இப்பிடி ஓர் உறுதியை எந்த நொத்தாரிசும் எழுதமாட்டான் தம்பி. எழுதினால் சனம் கல்லெறியும்."

அந்தப் பந்தியை நீக்கும்படி கம்பெனிக்குத் தூய ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று பதில் வந்தது. எதிர்ப்போடு சம்மதிக்க ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. கடைசியில் என்னைச் சாட்சியாக நிற்க வைத்து, தன் எதிர்ப்பைச் சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு அழுத்தினார். "குட் ஈவினிங், கந்தையா!" என்றது சுவர்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நாம் வாங்குகிற பொருள்கள் நம் வீட்டில் தின்றுகொண்டு அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்கின்றன. பிரிண்டர் வேறு கடை மையைத் துப்புகிறது. கார் இருக்கையைச் சூடாக்க மாதச் சந்தா கேட்கிறார்கள். நான் மென்பொருளில் பிழைக்கிறவன், அதனால் இதெல்லாம் வசதி என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒருவர் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். அவருக்குத்தான் கிறுக்கன் என்று பெயர்.

அதற்கு அடுத்த வருஷம் அன்ரிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும். குழாய்த் தண்ணீர், கதவுக் கைப்பிடி, எவர்சில்வர் டம்ளர், எல்லாமே குத்தும். குளிர்ந்த காற்றை இழுத்தால் தொண்டை இறுகும். வீட்டை எப்போதும் சூடாக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில்தான் ஆப் ஒரு நாள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. உள்ளே வர கணக்கின் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்த வேண்டுமாம். அங்கிள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தார். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பேசியது ஆங்கிலத்தில், தமிழில் தருகிறேன்.

"வணக்கம், நான் பேசுவது கந்தையாவோடுதானே?"

ஒரு 'ஆமாம்'. அவ்வளவுதான் வேண்டும். நான் தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினேன்.

"இல்லை அம்மணி. மேற்சொன்ன கந்தையா என் தகப்பனார்."

"அப்படியா, அவரிடம் கொடுக்க முடியுமா?"

"முடியாது. அவர் காலமாகிவிட்டார்."

அந்தப் பெண் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபம் என்றாள். அங்கிளும் நன்றி சொன்னார். நான் குறுக்கே புகுந்து, பெயர் மாறிப்போனது என்று விளக்கப் பார்த்தேன். நீங்கள் யார், கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். விசைப்பலகையில் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. அதற்குள் கணக்கில் 'உரிமையாளர் இறந்துவிட்டார்' என்று ஏறிவிட்டது. மரணச் சான்றிதழும், இறந்தவருடைய சொத்துக்கு அதிகாரம் பெற்றவர் என்ற சான்றும் அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். அதுவரை ஹீட்டர் பாதுகாப்பு நிலையில் இருக்குமாம். பாதுகாப்பு நிலை என்றால், குழாய் உறையாத அளவுக்கு மட்டும் சூடு. மனிதர் உறைவதைப் பற்றிப் பேச்சில்லை.

மரணச் சான்றிதழுக்கு எங்கே போவது? கந்தையா போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த ஊரில், யாரோ ஒருவருடைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இறந்தவர். பதிவு செய்ய அலுவலகமும் இருக்கவில்லை, அலுவலகத்தில் ஆளும் இருக்கவில்லை.

"நீர் கொம்பியூட்டர் ஆள்தானே, ஏதாவது செய்யும்" என்றார் அங்கிள். நான் வங்கி மென்பொருள் பார்ப்பவன். இருந்தாலும் வீராப்பாக முயன்றேன். சுவர் என்னை "விருந்தினரே" என்று அழைத்துவிட்டு அணைந்தது. மெல்பர்னில் இருக்கும் அவர் மகள் கம்பெனியோடு சண்டை போட்டாள். கணக்கில் அவள் பெயரும் இல்லை. புகார் செய்யலாம் என்றாள். செய்யலாம்தான், தீர்ப்பு வரும்போது கோடைகாலமும் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் சும்மா கிடந்த ஒரு எண்ணெய் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பிளக்கைச் செருகிக் குமிழைத் திருகினால் சூடாகும், அவ்வளவுதான், அதற்கு என் பெயரும் தெரியாது உங்கள் பெயரும் தெரியாது. அங்கிள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது ஆற்றை?"

"என்னோடதுதான். நீங்களே வச்சுக்கங்க அங்கிள்."

"உறுதி?"

"உறுதியாத்தான் சொல்றேன்!"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அந்த ஹீட்டர் ஓர் அறையைத்தான் சூடாக்கியது. கூடவே கெட்டிலைப் போட்டால் வீட்டு மின்சாரமே போய்விடும். அன்ரி படுக்கையறையில் கிடக்க மாட்டேன் என்றார். "நான் என்ன மறியலில பூட்டிக் கிடக்கிறனே? எனக்கு என்ர குசினிக்க என்ர கதிரையில இருக்கவேணும்." கையுறை போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனி மேல் வந்த கோபத்தை எல்லோரையும் போலக் கையில் கிடைத்தவர் மேல் காட்டினேன்.

"அங்கிள், இன்னொரு தடவை ஃபோன் பண்ணுங்க. தப்பாப் பதிஞ்சிட்டீங்க, நான்தான் கந்தையான்னு சொல்லுங்க. லைசென்ஸ்ல உங்க ஃபோட்டோதானே இருக்கு? ஒரு வார்த்தை. நாங்க எல்லாரும் தினமும் சொல்றதுதானே?"

"நான் கந்தையா எண்டு சொன்னால், பேந்து கந்தையா ஆர்?"

"செத்துப்போனவருக்கு என்ன அங்கிள் நஷ்டம்?"

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே பழுப்பேறிய ஓர் உறுதி. அவர்கள் வீட்டுடையது. கந்தையா பெயரில் இருந்தது, பிள்ளை பெயருக்கு மாற்றும் முன்னே இடம்பெயர்வு வந்துவிட்டது. வீடு ராணுவத்தின் பாதுகாப்பு வேலிக்குள் போய்விட்டது. பல வருஷம் கழித்து வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றியபோதும், மரணச் சான்றிதழ் இல்லாமல் பெயரை மாற்ற வழியில்லை. அப்போதுதான் ஒரு தரகர் இவரைத் தேடி வந்திருக்கிறார்.

"கந்தையா எண்டு நீரே ஒப்பத்தை வையும், ஆருக்குத் தெரியப்போகுது, மற்றதை நான் பாக்கிறன் எண்டவன். நான் மாட்டன் எண்டிட்டன். அப்பான்ர பேரில கள்ள ஒப்பம் வச்சு அப்பான்ர வீட்டுக்க நான் எப்பிடித் தம்பி படுக்கிறது? இப்ப அங்க வேற ஆரோ இருக்கினம்." உறுதியைத் திரும்பவும் மடித்தார். "அங்க உறுதி இருக்கு, வீடு இல்லை. இஞ்ச சாமான் இருக்கு, உறுதி இல்லை. ரெண்டும் அப்பான்ர பேரில. வீட்டுக்கே சொல்லாததை ஒரு ஹீற்றருக்குச் சொல்லச் சொல்லுறீரே?"

கம்பெனியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இவரிடம் கேட்டுத் தொலைத்தேனே என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி கொடுத்த ரசத்தை எடுத்துக்கொண்டு போனேன். அன்ரி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, மறதியாக எவர்சில்வர் டம்ளரை எடுத்துவிட்டார். "ஐயோ" என்று ஒரு சின்னச் சத்தம். டம்ளர் தரையில் உருண்டு அங்கிளின் காலடியில் போய் நின்றது. அன்ரி விரல்களைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அங்கிள் டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். அன்ரியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஃபோனை எடுத்தார்.

மறுபடி பாட்டு. மறுபடி யாரோ ஒரு பெண்.

"நான் பேசுவது கந்தையாவோடுதானே?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். "ஆமாம். கந்தையாதான் பேசுகிறேன். நான் சாகவில்லை. உங்கள் பக்கத்தில் ஏதோ தவறு நடந்திருக்கிறது."

லைசென்ஸைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். நான்தான் எடுத்து அனுப்பினேன். அந்தப் பெண்ணும் தவறுக்கு மன்னிப்புக் கேட்டாள். கூரைக்குள் ஏதோ உறுமியது. சூடு மெதுவாக இறங்கியது. சுவர் மலர்ந்து, "வெல்கம் பேக், கந்தையா!" என்றது.

அங்கிள் ஃபோனை வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். அங்கே இருந்த குழாயைத் திறந்து, குனிந்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டார். சட்டையோடு, ஸ்வெட்டரோடு, செத்த வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி. நான் பதறிப்போய் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி கதவருகே வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்த் துவாய் எடுத்து வந்தார்.

"மாமா, தலையைத் துவட்டுங்கோ. தடிமன் பிடிக்கப்போகுது."

நாற்பது வருஷமாக "இஞ்சாருங்கோ" என்று மட்டுமே அழைத்த கணவரை, மாமனாரை அழைப்பதுபோல மாமா என்றார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அன்ரியும் சிரித்தார். அங்கிள் துவாயை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவில்லை. தலை துவட்டுகிற அசைவு அதில் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வீடு சூடாக இருந்தது. அன்ரி தன் குசினியில் தன் கதிரையில் இருந்தார். வசந்தம் வந்து, எலுமிச்சை பூத்தபோது போய்விட்டார்.

அடுத்த குளிருக்கு முன்னால் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. இந்த மாதிரி ஹீட்டருக்கான சேவையை நிறுத்துகிறார்கள். ஆப் இனி வேலை செய்யாது. புதிய மாதிரியைத் தள்ளுபடியில் வாங்கலாம். 'அன்புள்ள கந்தையா, எங்கள் குடும்பத்தில் ஒருவராக இருந்ததற்கு நன்றி.' அங்கிள் என்னிடம் காட்டினார்.

"செத்த மனிசனைக் குடும்பத்தில சேர்த்தவங்கள். இப்ப குடும்பத்தையே கலைச்சுப்போட்டாங்கள்."

எலக்ட்ரீஷியன் வந்து வெளியே இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். எந்தப் பழுதும் இல்லை, புதிதாக இருக்கிறது என்றார். எரி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வாங்கியவருக்கு அந்த உரிமை கிடையாது. புகார் செய்வோம், நானே எழுதுகிறேன், விடக்கூடாது என்று குதித்தேன். பந்தி பந்தியாக வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எண்ணெய் ஹீட்டரின் குமிழைத் திருகிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"குளிருதெண்டு சொல்ல இஞ்ச இனி ஆர் இருக்கினம் தம்பி?"

கடைசியில் மகள் வந்து மெல்பர்னுக்கு அழைத்துப் போக முடிவாயிற்று. அங்கே இதைவிடக் குளிர். வீட்டை ஓர் இளம் தம்பதி வாங்கினார்கள். விளம்பரத்தில் 'நவீன ஹீட்டிங் வசதி' என்று ஏஜென்ட் போட்டிருந்தான். அங்கிள் அவர்களைச் சுவருக்கு முன்னால் அழைத்துப் போய், "இது ஒருத்தரின்ர சொல்லையும் கேளாது" என்று ஆங்கிலத்தில் விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட விட்டார். ஏஜென்ட்டுக்கு முகம் செத்துவிட்டது.

புறப்படும் நாள் காலையில் எண்ணெய் ஹீட்டரைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"நீர் தந்த சாமான். திருப்பித் தாறன்."

"எதுக்கு அங்கிள்? உங்களுக்குத்தானே கொடுத்தேன்?"

"ஓம், தந்தனீர். அதனாலதான் இது இப்ப என்ர. என்ரயைத்தான் உமக்குத் தாறன். முறையாத் தாறன்."

ஒரு தாளை நீட்டினார். நன்கொடை உறுதி. அச்சடித்ததுபோன்ற அந்தப் பழைய எழுத்தர் கை. நன்கொடை கொடுப்பவர் கந்தையா மகன் சிவலிங்கம். பெறுபவர் ராமசாமி மகன் செந்தில். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, என் அப்பாவை அவருடைய இடத்திலும் என்னை என்னுடைய இடத்திலும் வைத்து எழுதிய முதல் ஆள் அவர்தான். ஆண்டு அனுபவிக்கவும் விரும்பியபடி விற்கவும் எனக்குப் பூரண உரிமை உண்டு. எவரும் எக்காலத்திலும் தொலைவிலிருந்து அணைக்க முடியாது என்று ஒரு பந்தி தனியாகச் சேர்த்திருந்தார்.

காணி உறுதியில் நான்கு எல்லைகளும் எழுதுவார்கள், யார் யாருடைய வீடு எந்தெந்தப் பக்கம் என்று. பழக்கம் விடவில்லை, ஹீட்டருக்கும் எழுதியிருந்தார். கிழக்கில் ஜன்னல். மேற்கில் செந்தில் இருந்து டிவி பார்க்கும் சோபா. வடக்கில் சுவர். நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே படித்தேன். நான்காவது எல்லைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. 'தெற்கில் பொது வேலியும், வேலிக்கு அப்பால் சிவலிங்கமும் மனைவி பாக்கியமும் இருக்கும் வீடும்.'

"போயிட்டு வாறன் தம்பி" என்றார்.

புதியவர்கள் எலுமிச்சை மரத்தை வெட்டிவிட்டார்கள். கூரையில் வேறு ஹீட்டர், வேறு ஆப். காலையில் வேறு யாருக்கோ குட் மார்னிங் சொல்கிறது. சொல்லட்டும். என் கையில் உறுதி இருக்கிறது. அதன்படி பக்கத்து வீட்டில் இன்னும் அங்கிளும் அன்ரியும்தான் இருக்கிறார்கள்.